கருப்பு கிரானைட்: படுத்துப் பார்த்தா கண்ணாடி, நின்னு பார்த்தா சாம்பல். மீட்டர் பொய் சொல்லுதா?

#1 கல்லுக்காரன்

வணக்கம் மக்களே. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல குவாலிட்டி பாக்குறேன், ஆறு வருசமா. ரெண்டு வாரமா ஒரு விஷயம் மண்டைய காய வைக்குது.

பெங்களூர் பார்ட்டி ஒருத்தருக்கு கருப்பு ஸ்லாப் 40 அனுப்பினோம். வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி கிளாஸ் மீட்டரை (gloss meter, பளபளப்பை அளக்கற கருவி) 60 டிகிரில வச்சு ஒவ்வொண்ணா பார்த்து 86, 88, 87ன்னு நோட்டுல எழுதினது நான்தான். இப்ப அவர் போன்ல கத்துறார், கல்லு மேல மோர் ஊத்தி துடைச்ச மாதிரி இருக்கு, இதையா கருப்புன்னு வித்தீங்கன்னு. சரி போட்டோ அனுப்புங்க சார்னு கேட்டேன். ரெண்டு போட்டோ வந்துச்சு. ஜன்னல் வெளிச்சம் வர்ற பக்கம் பார்த்து தாழ்வா எடுத்ததுல அப்படியே கண்ணாடி, ஜன்னல் கம்பி எண்ணலாம். கிச்சன் மேடை முன்னாடி நின்னு நேரா கீழ பார்த்து எடுத்ததுல சாம்பல் பூத்து கிடக்கு. அதே கல்லு, அதே நாள், அதே போன்.

இன்னொண்ணு, தண்ணி தெளிச்சா ஜம்முனு கருப்பாயிடுதாம், காஞ்சா பழைய குருடி கதவ திறடி. மீட்டர் பொய் சொல்லுதா, பார்ட்டி பொய் சொல்றாரா, இல்ல என் கண்ணுதான் சரியில்லையா?

#2 குறுக்குக்கேள்வி

பாஸ் கோவிச்சுக்காதீங்க, சாம்பல் கல்லுக்கு சாயம் ஏத்தி கருப்புன்னு விக்கிற ஆளுங்க இந்த லைன்ல உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். வெள்ளைத் துணில அசிட்டோன் நனைச்சு தேச்சுப் பாருங்க, துணி கருப்பாச்சுன்னா கதை முடிஞ்சுது. முதல்ல அதை பண்ணிட்டு அப்புறம் பிசிக்ஸ் பேசலாம்.

#3 கல்லுக்காரன்

அது தெரியாமயா ஆறு வருசம் குப்பை கொட்டுறேன். மிச்சம் இருந்த ரெண்டு ஸ்லாப்ல தேச்சுப் பார்த்தாச்சு, துணி பளிச்னு வெள்ளையா இருக்கு. சாயம் இல்ல, மெழுகு இல்ல. கல்லு நல்ல கல்லு. (கருப்பு கிரானைட்னு சொல்றோமே தவிர ஜியாலஜிக்காரங்க கேட்டா இது கிரானைட்டே இல்ல, டோலரைட்னு சொல்லுவாங்க, அது வேற கதை.)

#4 சாக்பீஸ்

தம்பி, நான் பிசிக்ஸ் வாத்தியார், ரிட்டயர் ஆகி நாலு வருசம் ஆச்சு. உங்க மீட்டரும் பொய் சொல்லல, பார்ட்டியும் பொய் சொல்லல. தண்ணி சமாச்சாரத்துல இருந்து ஆரம்பிப்போம், அதுல பாதி பதில் இருக்கு.

வெள்ளை வேட்டி நனைஞ்சா ஏன் மங்கலாகி உடம்பு தெரியுது? பஜ்ஜி வச்ச பேப்பர்ல எண்ணெய் பட்ட இடம் ஏன் கண்ணாடி மாதிரி ஆகுது? நம்ம ஊர்ல பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சவங்களுக்கு இது அத்துப்படி, அடிக்கும்போது சுவத்துல ஒண்ணுமே ஏறாத மாதிரி பழைய அழுக்கு தெரியும், "என்னய்யா தண்ணியா கலக்கிட்டியா"ன்னு திட்டுவாங்க, சாயங்காலம் காஞ்சதும் பளீர்னு வெளுக்கும். மூணும் ஒரே சங்கதிதான். வெளிச்சம் ஒரு பொருள்ல இருந்து இன்னொரு பொருளுக்குள்ள போகும்போது ரெண்டோட ஒளிவிலகல் எண் எவ்வளவு வித்தியாசப்படுதோ அதைப் பொறுத்து கொஞ்சம் திரும்பி வரும். காத்து 1, தண்ணி 1.33, எண்ணெய் 1.46 பக்கம், பேப்பர் நார் 1.5 பக்கம். நாருக்கு நடுவுல காத்து இருந்தா ஒவ்வொரு எல்லையிலயும் வெளிச்சம் அடிபட்டு அடிபட்டு சிதறி வெள்ளையா தெரியும், காத்து இருந்த இடத்துல எண்ணெய் போயிட்டா எல்லையே இல்லாத மாதிரி ஆயிடும், வெளிச்சம் நேரா உள்ள போயிடும்.

உங்க கல்லுக்கு வர்றேன். கல்லோட எண் ஒரு 1.55னு வைங்க. காத்துல இருந்து படுற வெளிச்சத்துல 4.6 சதவீதம் மேற்பரப்புலயே திரும்பிடும். கல்லு உள்ள எவ்வளவு கருப்பா இருந்தாலும் சரி, இந்த 4.6 உள்ளயே போகாது. பாலிஷ் பண்ணின கல்லுல அது மொத்தமா ஒரே திசையில போகும், அந்தத் திசையில உங்க கண்ணு இல்லைன்னா உங்களுக்கு கருப்பு மட்டும்தான். பாலிஷ் இல்லாத கல்லுல அதே 4.6 நாலா பக்கமும் இறையும், எங்க நின்னாலும் கொஞ்சம் கண்ணுல விழும். 5 சதவீதம் கம்மின்னு நினைக்காதீங்க, கண்ணுக்கு அது கருப்பு இல்ல, கரும்சாம்பல். தண்ணி ஊத்தினா தண்ணிக்கும் கல்லுக்கும் நடுவுல திரும்புறது 0.6 சதவீதம்தான், எட்டுல ஒரு பங்கு. அதான் ஜம்முனு கருப்பு.

ஆக உங்க கல்லுல பாலிஷ் கொஞ்சம் குறை. மீட்டர் ஏன் சொல்லலங்கறது அடுத்த கேள்வி, சாப்பிட்டுட்டு வர்றேன்.

#5 நிழல்வெட்டு

வணக்கம், நான் டொரொன்ரோவில இருக்கிறன், கேம் கொம்பனி ஒண்டில ரெண்டரிங் கோட் எழுதுறது வேலை. ஐயா சாப்பிட்டு வாறதுக்குள்ள நான் சொல்லிப்பாக்கிறன். நாங்கள் எந்த மேற்பரப்பையும் கன சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் சேர்ந்தது எண்டுதான் எடுப்பம், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் சரிஞ்சு கிடக்கும். 1967இல டொரன்ஸ், ஸ்பாரோ எண்ட ரெண்டு பேர் எழுதின மாதிரி, 1982இல குக் எண்டவர் டொரன்ஸோட சேர்ந்து அதை கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்கு கொண்டுவந்தார். இண்டைக்கு நீங்கள் விளையாடுற கனக்க 3டி கேமில இந்த வழிதான் ஓடுது. சரிஞ்சு பார்த்தால் ஃபிரெனல் விதிப்படி தெறிப்பு கூடும், அதால பளபளப்பாத் தெரியும், நேர பார்த்தால் குறையும். அவ்வளவுதான் விசயம் எண்டு நினைக்கிறன்.

#6 சாக்பீஸ்

நிழல்வெட்டு தம்பி, பாதி சரி. சாய்ச்சுப் பார்த்தா தெறிப்பு கூடுறது உண்மை, ஆனா கிளாஸ் மீட்டர் அதை கணக்குல எடுத்துட்டுதான் வருது. 1.567 எண் உள்ள பாலிஷ் பண்ணின கருப்புக் கண்ணாடியை அதே கோணத்துல 100ன்னு வச்சுதான் அளக்குது, அதனால ஃபிரெனல் பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். அதுக்கு மேலயும் ஒரு வித்தியாசம் வருதே, அது எங்க இருந்து?

சின்னக் கண்ணாடித் துண்டுங்கற கதை மேடுபள்ளம் அலைநீளத்தை விட பெருசா இருந்தாத்தான் செல்லும். பாலிஷ் பண்ணின கல்லுல மேடுபள்ளம் 20, 30 நானோமீட்டர். பச்சை வெளிச்சம் 550 நானோமீட்டர். அலைக்கு அது துண்டு துண்டாவே தெரியாது. மேட்டுல பட்டு வந்த அலையும் பள்ளத்துல பட்டு வந்த அலையும் எவ்வளவு முன்னப்பின்ன வந்து சேருதுங்கறதுதான் கேள்வி. ரேலின்னு ஒரு விஞ்ஞானி ஒரு அளவுகோல் சொல்லி வச்சார்: மேடுபள்ளம், அலைநீளத்தை 8ஆலயும் கோணத்தோட கொசைனாலயும் வகுத்தா வர்றதை விட கம்மியா இருந்தா அது வழவழ, மேல போனா சொரசொர. கோணம்ங்கறது செங்குத்துல இருந்து அளக்கறது. நேரா பார்த்தா 69 நானோமீட்டர்தான் எல்லை. 80 டிகிரி சாய்ச்சுப் பார்த்தா அதே எல்லை கிட்டத்தட்ட 400க்குப் போயிடும். பொருள் மாறல, கோணம் மாறினதுக்கே சொரசொர வழவழ ஆயிடுச்சு.

நம்பலைன்னா ஒரு ஏ4 பேப்பரை எடுத்து கண்ணு மட்டத்துக்கு படுக்க வச்சு அந்தப் பக்கம் செல்போன் டார்ச் அடிங்க. பேப்பர் போய் கண்ணாடி மாதிரி டார்ச்சைக் காட்டும். சாயங்காலம் மேற்க பார்த்து வண்டி ஓட்டும்போது தார் ரோடு கண்ணைக் கூசுறதுலயும் இந்தப் பங்கு இருக்கு.

#7 கல்லுக்காரன்

ஐயா நிறுத்துங்க நிறுத்துங்க. எங்க யூனிட்ல ஒரு பெரியவர் இருக்கார், முப்பது வருசமா பாலிஷ், கையெழுத்துகூட போடத் தெரியாது. புதுப் பசங்க குனிஞ்சு ஸ்லாப் மேல கன்னத்தை வச்சு டியூப் லைட் தெரியுதான்னு பார்ப்பாங்க, அவர் தலையில தட்டுவார். "படுத்துப் பார்த்தா எல்லாக் கல்லும் கண்ணாடிதான்டா, எந்திரிச்சு நின்னு உன் மூஞ்சி தெரியுதா பாரு"ம்பார். நாங்க சிரிப்போம். இதுதானா அது!

#8 சாக்பீஸ்

அதேதான். அவர் கால்ல விழுங்க. இப்ப உங்க மீட்டருக்கு கணக்கு போடுவோம். மேடுபள்ளத்தோட சராசரி அளவு (வர்க்கமூல சராசரி) 30 நானோமீட்டர்னு வைங்க. ஒழுங்கா ஒரே திசையில திரும்புற பங்கு எவ்வளவுன்னா, 4 பை இன்ட்டு 30 இன்ட்டு கொசைன், அதை 550ஆல வகுத்து, வர்க்கம் எடுத்து, மைனஸ் போட்டு, e-யோட அடுக்குல ஏத்தணும். எல்லாரும் கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க:

நேர் பார்வையில 62 சதவீதம்.
20 டிகிரில 66.
60 டிகிரில 89.
85 டிகிரில 99.6.

ஒரே கல்லு. உங்க 60 டிகிரி மீட்டர் 87, 88ன்னு காட்டுது, நீங்க சந்தோசமா நோட்டுல எழுதுறீங்க, பார்ட்டி நேரா நின்னு பாக்குறார், அவருக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல சிதறுது. 60ல 70க்கு மேல வந்துட்டா 20 டிகிரிக்கு மாத்தி அளக்கணும்னு அளவீட்டு முறையிலயே இருக்கே, உங்க மீட்டர்ல 20 இல்லையா?

#9 கல்லுக்காரன்

இருக்குங்க ஐயா, மூணு கோணமும் இருக்கு. நான் வேலைக்கு சேர்ந்தப்ப முன்னாடி இருந்தவர் "60 மட்டும் போதும், பார்ட்டி அதைத்தான் கேப்பான்"னு சொல்லிட்டுப் போனார், அந்த பட்டனை நான் அமுக்கினதே இல்ல. வெக்கமா இருக்கு. நாளைக்கு அளந்துட்டு வர்றேன்.

#10 குறுக்குக்கேள்வி

வாத்தியார் சார், அந்த சூத்திரம் மேடுபள்ளம் எல்லாம் மணி வடிவ பரவல்ல, சின்னதா, எந்தத் திசையிலயும் ஒரே மாதிரி இருந்தாத்தானே செல்லும்? பாலிஷ் கீறல்னா ஒரே பக்கமா வட்டம் வட்டமா இருக்கும். அப்புறம் கல்லுல ரெண்டு மூணு மினரல் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தேயும், ஒண்ணு மேட்டுல நிக்கும், இன்னொண்ணு கொஞ்சம் தேஞ்சு பள்ளமாகும். ஒரே 30னு சொல்றது ரொம்ப சுலபமாக்குறது இல்லையா?

#11 சாக்பீஸ்

ஒத்துக்கறேன், நல்ல கேள்வி. அந்த சூத்திரம் எவ்வளவு சிதறுதுன்னு மட்டும்தான் சொல்லும், அதுவும் தோராயமா. எங்க சிதறுதுன்னு சொல்லாது. அதுக்கு உயரத்தை விட முக்கியம் இடைவெளி. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் பக்கவாட்டுல எவ்வளவு தூரம்ங்கறது.

சிடி தட்டு ஞாபகம் இருக்கா? அதுல தடத்துக்கு தடம் 1.6 மைக்ரான், பச்சை வெளிச்சம் நேரா விழுந்தா 20 டிகிரி விலகிப் போகும். டிவிடில 0.74 மைக்ரான், 48 டிகிரி விலகும். கல்லுல இருக்கற ஏத்த இறக்கத்தை இப்படி ஆயிரக்கணக்கான சிடி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி நினைச்சுக்கோங்க. 10 மைக்ரான் இடைவெளில இருக்கற அலை அலையான மேடு 3 டிகிரிதான் விலக்கும், அதனால டியூப் லைட் பிம்பத்தை சுத்தி பனி மாதிரி ஒரு மங்கல் இருக்கும், மத்த இடம் நல்ல கருப்பு. 1 மைக்ரான் இடைவெளில கீறல் இருந்தா 33 டிகிரிக்கு இறைக்கும், பிம்பம் கூர்மையாவே இருக்கும் ஆனா கல்லு முழுக்க மோர் பூசின மாதிரி சாம்பல் தட்டும். ரெண்டுக்கும் உயரம் ஒண்ணா இருக்கலாம், ஒரே ரஃப்னெஸ் நம்பர் வரலாம், கண்ணுக்கு வேற வேற நோய்.

கல்லுக்காரன் தம்பி, பார்ட்டி சொன்னது மோர் கதைதானே? பிம்பம் மங்கலா இருக்கா, இல்ல பிம்பம் தெளிவா இருந்து பின்னணி சாம்பலா?

#12 கல்லுக்காரன்

பிம்பம் தெளிவு. கம்பி எண்ணலாம்னு சொன்னேனே. பின்னணிதான் சாம்பல்.

#13 சாக்பீஸ்

அப்ப மெல்லிசு கீறல். கடைசி ரெண்டு மூணு ஸ்டேஜ்ல எங்கயோ கோளாறு.

#14 சிட்ரேட்

நான் ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் வருவேன், இப்ப வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. நீங்க எல்லாரும் சொரசொரப்பை எப்படி ஒழிக்கறதுன்னு பேசறீங்க, எங்க லேப்ல எப்படி சொரசொரப்பு உண்டாக்கறதுன்னு நாலு வருசமா நான் உயிரை விடறேன்.

நம்ம திருச்சில பிறந்த சி.வி.ராமனும் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணனும் 1928ல கண்டுபிடிச்சாங்களே ராமன் சிதறல், அதுல கோடிக்கணக்குல ஒளித்துகள் (போட்டான்) சிதறினா கையளவுதான் நிறம் மாறி வரும். ஒரு மூலக்கூறோட கைரேகை அந்த கையளவுலதான் இருக்கு, ஆனா அவ்வளவு மங்கல். 1974ல சவுத்தாம்ப்டன்ல ஃபிளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குயிலன்னு மூணு பேர் வெள்ளி எலக்ட்ரோடு மேல பிரிடின்ங்கற கரிமப் பொருள் ஒட்டியிருக்கறதை ராமன்ல பார்க்க நினைச்சாங்க. பரப்பு கூடினா நிறைய மூலக்கூறு ஒட்டும்னு வெள்ளியை மின்சாரத்துல மாத்தி மாத்தி அரிச்சு சொரசொரன்னு ஆக்கினாங்க. சிக்னல் எக்கச்சக்கமா வந்துச்சு. பரப்பு கூடினதுதான் காரணம்னு நினைச்சுட்டாங்க. 1977ல ஜீன்மேர் - வான் டைன் ஒரு பக்கம், ஆல்பிரெக்ட் - கிரைட்டன் ஒரு பக்கம், ரெண்டு டீமும் கணக்கு போட்டு, பரப்பு கூடினது பத்து மடங்குதான்டா, சிக்னல் லட்சம் பத்து லட்சம் மடங்கு கூடியிருக்கு, இது வேற ஏதோன்னு சொன்னாங்க.

அந்த வேற ஏதோதான் நானோ அளவு சொரசொரப்பு. வெள்ளி, தங்கம் மாதிரி உலோகத்துல சும்மா சுத்தற எலக்ட்ரான் கூட்டம் இருக்கு. 50 நானோமீட்டர் முண்டு ஒண்ணு மேல வெளிச்சம் பட்டா அந்தக் கூட்டம் மொத்தமா ஊஞ்சல் மாதிரி ஆடும், சரியான நிறத்துக்கு பெரிய ஊஞ்சல். ரெண்டு முண்டுக்கு நடுவுல 1, 2 நானோமீட்டர் சந்து இருந்தா அந்தச் சந்துல மின்புலம் குவிஞ்சு நிக்கும். புலம் 30 மடங்கு கூடினா ராமன் சிக்னல் அதோட நாலாம் அடுக்குல, எட்டு லட்சம் மடங்கு. சந்துல மாட்டின மூலக்கூறு மட்டும் கத்தும், மத்ததெல்லாம் ஊமை.

#15 குறுக்குக்கேள்வி

ஃபிளைஷ்மன்னா அந்த 1989 கோல்ட் ஃப்யூஷன் (cold fusion, சாதா வெப்பத்துலயே அணுக்கரு இணைப்பு நடக்குதுன்னு சொன்னது) ஃபிளைஷ்மனா?

#16 சிட்ரேட்

அவரேதான். ஒரே ஆளு. இது நின்னுடுச்சு, அது நிக்கல.

#17 கல்லுக்காரன்

ப்ரோ செம, பாதி புரிஞ்சுது. ஆனா ஒண்ணு கேக்கணும், ஐயா 30 நானோமீட்டரே சாம்பல் தட்டும்னார், நீங்க 50 நானோமீட்டர் முண்டு வைக்கறீங்க. அப்ப உங்க வெள்ளி தகடு எப்படி இருக்கும் பார்க்க?

#18 சிட்ரேட்

ப்ரோ இல்ல, அக்கா. :) நல்லா அரிச்ச வெள்ளி பளபளன்னு இருக்காது, பழுப்பு மஞ்சளா மங்கலா ஆயிடும், வெள்ளி கொலுசை வருசக்கணக்கா கழட்டாம போட்ட மாதிரி. ஆனா நான் இப்ப தகடு பண்றதில்ல, தங்கத் துகள் தண்ணில மிதக்கறது பண்றேன். அதைக் கேட்டா கல்லுக்காரங்களுக்கும் பிடிக்கும்.

தங்க குளோரைடு கரைசலை கொதிக்க வச்சு சோடியம் சிட்ரேட் ஊத்துவோம், 1951ல டர்கெவிச் சொன்ன சமையல்தான். வெளிர் மஞ்சள் முதல்ல நிறமே இல்லாம போகும், அப்புறம் மசமசன்னு நீலக்கருப்பு, பத்து நிமிசத்துல மாதுளை ஜூஸ் மாதிரி செக்கச்செவேல். தங்கம், ஆனா சிவப்பு. ஃபாரடே 1857லயே இதை வச்சு பேசியிருக்கார், ஒரு பக்கமா வெளிச்சக் கத்தை அடிச்சு, கண்ணுக்குத் தெளிவா தெரியற திரவத்துல துகள் இருக்குன்னு காட்டினார். துகள் 15, 20 நானோமீட்டர், அதுல 520 நானோமீட்டர் பச்சை உறிஞ்சப்படும், மிச்சம் சிவப்பு.

இப்ப என் சோகக் கதை. போன வாரம் காலையில ஒரு பேட்ச், சூப்பர் சிவப்பு, மத்தியானம் வந்து பார்த்தா கத்தரிப்பூ நீலம். ஜூனியர் பையன் கூம்புக் குடுவையை ராஜதிராவகத்துல (தங்கத்தையே கரைக்கற அமிலக் கலவை) கழுவாம குழாய்த் தண்ணில அலசி வச்சிருக்கான், அந்தத் தண்ணில இருக்கற உப்பு பட்டதும் துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஒட்டினா ஊஞ்சல் வேற தாளத்துல ஆடும், உறிஞ்சறது சிவப்புப் பக்கம் நகரும், நமக்குத் தெரியறது நீலம். அதே தங்கம், அதே எடை, பக்கத்துல யாரு நிக்கறாங்கங்கறதுதான் மாறிச்சு.

#19 நிழல்வெட்டு

அக்கா சொன்னதைப் படிச்சாப் பிறகு எனக்கு ஒண்டு இடிக்குது. ஐயா சொன்ன கணக்குப்படி இடைவெளி அலைநீளத்தை விடக் குறைஞ்சால் சைன் ஒண்டுக்கு மேல போயிடும், அப்ப சிதறல் எங்க போகும்?

#20 சாக்பீஸ்

எங்கயும் போகாது! சபாஷ். நேரா விழற வெளிச்சத்துக்கு, இடைவெளி அலைநீளத்தை விட கம்மியா, ஒழுங்கா இருந்தா சிதறவே முடியாது, அலைக்கு அது ஒரு மெத்து மெத்துன்னு மாறிப்போற பொருளாத்தான் தெரியும். விட்டில் பூச்சி கண்ணைப் பாருங்க, 200 நானோமீட்டர் இடைவெளில குட்டிக் குட்டி முலை மாதிரி மேடு. அது சொரசொரப்புதான், ஆனா சாம்பல் தட்டல, தெறிப்பே இல்லாம போயிடுச்சு. காத்தோட 1ல இருந்து கண்ணோட 1.5க்கு படி ஏறாம சரிவா ஏறுது வெளிச்சம். ராத்திரில பூச்சி கண்ணு மின்னாது, எதிரிக்குத் தெரியாது.

கல்லு, பூச்சிக் கண்ணு மாதிரி பொருளுக்கு இது. வெள்ளி, தங்கம்னா எலக்ட்ரான் ஊஞ்சல் வந்துடுது, அந்தக் கணக்கு வேற, அந்தப் பொண்ணு சொன்னதுதான்.

#21 குறுக்குக்கேள்வி

சரி இவ்வளவு பேசியாச்சு, கடைகள்ல கிரானைட்டுக்கு "நானோ கோட்டிங்"னு சின்ன பாட்டில் ஆயிரக்கணக்குல விக்கறானே அது என்ன? கல்லுக்காரன் அதை பூசி பார்ட்டியை சமாளிச்சுடலாமே?

#22 சிட்ரேட்

பேர்ல நானோ இருந்தா விலை ரெட்டிப்பு, அது உலக வழக்கம். பாட்டிலுக்கு பாட்டில் சரக்கு வேற, ஆனா சிலிக்கோன், ரெசின், மெழுகு மாதிரி எதுவா இருந்தாலும் பள்ளத்தை ரொப்பிட்டு மேல வழவழன்னு காஞ்சா வாத்தியார் சொன்ன தண்ணி வேலையைத்தான் செய்யும். எண் 1.4, 1.5 இருக்கும், கல்லுக்கு கிட்ட. அதுக்கு துகள் தேவையே இல்ல.

துகள் நெஜமாவே சின்னதா இருந்தா அதுக்குன்னு ஒரு பலன் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை பெயின்ட்ல போடற டைட்டானியம் டை ஆக்சைடு 200, 250 நானோமீட்டர், வெளிச்சத்தை சிதறடிக்க அதுதான் தோதான சைஸ். அதையே 25 நானோமீட்டர் ஆக்கினா சன்ஸ்கிரீன்ல பூசினாலும் மூஞ்சி விபூதி அடிச்ச மாதிரி ஆகாது. அலைநீளத்தை விட ரொம்பச் சின்ன துகள்னா, விட்டம் பாதியானா ஒரு துகள் சிதறடிக்கறது 64ல ஒரு பங்கு, அதே எடைக்கு துகள் எண்ணிக்கை 8 மடங்கு ஆகும், மொத்தத்துல 8ல ஒரு பங்கு.

#23 கல்லுக்காரன்

கோட்டிங் போடறதுக்கு எங்க முதலாளியும் சொன்னார். ஆறு மாசம் சோப்புத் தண்ணி பட்டா போயிடும், அப்புறம் மறுபடி போன் வரும். வேண்டாம்னுட்டேன்.

இன்னிக்கு 20 டிகிரில அளந்தேன். மனசை தேத்திக்கிட்டு கேளுங்க: 60ல 87 காட்டின அதே ஸ்லாப், 20ல 61. வாத்தியார் 66னு சொன்னார், அதை விட மோசம். ரஃப்னெஸ் டெஸ்டர்ல 0.025 மைக்ரான் காட்டுது, அப்ப ஐயா சொன்ன 30 கிட்ட வரலையே?

#24 சாக்பீஸ்

உங்க டெஸ்டர் காட்டறது Ra, சாதா சராசரி. கணக்குக்கு வேணுங்கறது வர்க்கமூல சராசரி, அது பொதுவா கால் பங்கு கூட இருக்கும், 31 நானோமீட்டர். அது மட்டும் இல்ல, டெஸ்டர் முள்ளோட முனையே 2ல இருந்து 5 மைக்ரான் ஆரம், 1 மைக்ரான் கீறலுக்குள்ள அது இறங்கவே இறங்காது, யானை காலை வச்சு எறும்புப் புத்தை அளக்கற மாதிரி. உங்க சாம்பலை உண்டாக்கற கீறலை அது பார்க்கவே பார்க்காது.

அதுக்கு ஒரு ஓசி டெஸ்ட் சொல்றேன். ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு ஒரு லேசர் பாயின்டரை கல்லு மேல கொஞ்சம் சாய்வா அடிங்க. தெறிக்கற கத்தை போற வழியில கண்ணை மட்டும் வைக்காதீங்க, கண்ணு போயிடும், பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. பக்கவாட்டுல நின்னு கல்லுல புள்ளி தெரியுதான்னு பாருங்க. நல்ல பாலிஷ்னா லேசர் எங்க படுதுன்னே தேடணும், சுவத்துலதான் புள்ளி இருக்கும். கல்லு மேலயே புள்ளி ஜொலிச்சா அதெல்லாம் சிதறல். பச்சை லேசர்னா இன்னும் நல்லா காட்டிக் கொடுக்கும், மேற்பரப்பு சிதறல் மொத்தத்துல அலைநீளத்தோட வர்க்கத்துக்கு எதிர்மாறா போகும், 532 பச்சை 650 சிவப்பை விட ஒண்ணரை மடங்கு சிதறும்.

புள்ளிக்குள்ள ரவை தூவின மாதிரி பொரி பொரியா மின்னும், அது சிதறின அலைகள் கூடிக் கழியறதால. கண்ணாடி போடறவங்க கழட்டிட்டு தலையை மெதுவா ஆட்டிப் பாருங்க, பொரி தலைக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தா கிட்டப்பார்வை, கூடவே நகர்ந்தா தூரப்பார்வை. இது கல்லுக்கு சம்பந்தமில்ல, சும்மா.

#25 நிழல்வெட்டு

இப்ப செய்து பாத்தன், சுவரில. எதிர்ப்பக்கம்தான் ஓடுது. எனக்கு மைனஸ் 3. கிளினிக்குக்கு குடுத்த காசெல்லாம் வீண்.

#26 கல்லுக்காரன்

அஞ்சு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ராத்திரி பத்து மணிக்கு ஷெட்ல லைட் அணைச்சு லேசர் அடிச்சோம். பெரியவரும் கூட நின்னார். கல்லு முழுக்க பச்சைப் புள்ளி மின்மினி மாதிரி கூடவே வருது, எங்க நகர்த்தினாலும். பழைய ஸ்டாக்ல, அவர் கையால பாலிஷ் பண்ணி வச்ச ஒரு துண்டு கிடந்துச்சு, அதுல அடிச்சா கல்லுல ஒண்ணுமே இல்ல, எதிர்ச் சுவத்துல மட்டும் புள்ளி. பெரியவர் ஒண்ணும் பேசல, பீடி பத்த வச்சுக்கிட்டார்.

மறுநாள் மெஷினைப் பிரிச்சோம். லைன்ல கடைசிக்கு முந்தின ஹெட்டுக்கு தண்ணி வர்ற குழாய்ல பாதி சேறு அடைச்சுக் கிடந்துச்சு. முந்தின ஸ்டேஜோட பருமனான தூள் கழுவிப் போகாம அங்கயே நின்னு மெல்லிசா கீறிக்கிட்டே இருந்திருக்கு. அதோட ஆர்டர் அவசரம்னு மேல இருந்து பெல்ட் ஸ்பீடை வேற ஏத்தி விட்டிருக்காங்க, கடைசி பஃப் பட வேண்டிய நேரம் படவே இல்ல. குழாயை சுத்தம் பண்ணி, ஸ்பீடை பழைய அளவுக்கு இறக்கி, அந்த ரெண்டு ஸ்லாப்பை மறுபடி ஓட்டினோம். 60ல 93. அது பெருசில்ல, 87ல இருந்து 93, யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. 20ல 61ல இருந்து 84!

பார்ட்டிக்கு 40ம் மாத்தித் தர்றதா முதலாளி ஒத்துக்கிட்டார், அரை மனசாத்தான். இனிமே நோட்டுல 20 டிகிரிக்கு தனியா ஒரு காலம் (column) போட்டாச்சு.

#27 குறுக்குக்கேள்வி

சாயம்னு சொன்னதுக்கு சாரி பாஸ்.

#28 சாக்பீஸ்

தம்பி, ஒரு உதவி. அந்த கெட்டுப்போன ஸ்லாப்ல ஒரு சாண் துண்டு, பாதி மங்கல் பாதி நல்ல பாலிஷா பண்ணி கிடைக்குமா? பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல்ல சனிக்கிழமை பசங்களுக்கு சும்மா பாடம் எடுக்கறேன், கையில கொடுத்து தண்ணி தெளிச்சுக் காட்டணும்.

#29 கல்லுக்காரன்

பண்ணிட்டேன்னு வைங்க ஐயா. பெரியவர்கிட்ட சொன்னேன், அவரே கையால பண்ணித் தர்றேன்னுட்டார், நடுக்கோடு மட்டும் நேரா வரணும்னு அளவுகோல் தேடிக்கிட்டு இருக்கார். அட்ரஸ் தனிச்செய்தில போடுங்க. கொரியர்காரன் வெயிட்டைப் பார்த்து என்ன சொல்லப் போறான்னுதான் தெரியல.

#30 சிட்ரேட்

எனக்கும் ஒரு துண்டு. ஜூனியர் குடுவை கழுவற சிங்க் மேல வைக்கணும்.